பாடு கேட்டல்: சங்கப் பாடல்களில் இசை மருத்துவம் தேடும் வாசிப்பு குறித்து

தமிழாய்வுக் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளைப் புரட்டுவோர்க்குச் ‘சங்க இலக்கியத்தில் இசை மருத்துவம்’ என்னும் தலைப்பு எப்படியும் ஓரிடத்தில் எதிர்ப்படும். தலைப்பின் சொற்கள் சற்றே மாறலாம், சான்றுகள் மாறுவதில்லை. போரில் புண்பட்ட மறவனைக் காஞ்சிப்பண் பாடிக் காத்த மகளிர் (புறம். 281), புலி பாய்ந்த கணவரின் மார்புப்புண் தணியப் பாடிய கொடிச்சியர் (மலைபடு. 302-304), குறிஞ்சிப்பண் கேட்டு உறங்கிப்போன களிறு (அகம். 102), பாலைப்பண் கேட்டுப் படைக்கலத்தைக் கைவிட்ட ஆறலைகள்வர் (பொருநர். 21-22) ஆகிய நான்கும் வரிசையாக வரும். மேலைநாட்டார் அண்மையில் கண்டறிந்ததை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்னும் முடிவு அதனை அடுத்து வரும். கட்டுரை அத்துடன் நிறைவுறும்.

இம்முடிவை முற்றாகப் பிழையென ஒதுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இசைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தமிழர் எண்ணிப்பார்த்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்நான்கு இடங்களும் ‘சான்று’ என்னும் பெயர் பெற்றவுடன் பாடல்களாகப் படிக்கப்படுவது நின்றுவிடுகிறது. யார் பாடினர், யார் கேட்டனர், கேட்டவர்க்கு என்ன நேர்ந்தது என்னும் எளிய வினாக்கள்கூட அவற்றின்மீது எழுப்பப்படுவதில்லை. எழுப்பினால், அவை மருத்துவத்தைக் காட்டிலும் கேட்டல் என்னும் செயலைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன என்பது புலப்படும். ஒலியில் ஆழ்ந்து கேட்பதையே ஒரு கலைப்பயிற்சியாகக் கொள்ளும் போக்கு உலக இசையரங்கில் இன்று வலுப்பெற்றுள்ளது. அதனோடு ஒப்பிடத்தக்க தமிழ்ச் சிந்தனை உண்டு எனின், அதனைத் தேடவேண்டிய இடம் மருந்தில்லை. செவியே என்பது இக்கட்டுரையின் கருத்து.

புண்ணும் பாட்டும்

அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல் காஞ்சித்திணையில் பேய்க்காஞ்சித் துறையினது. வேந்தனுக்கு நேரவிருந்த இடுக்கணைத் தான் தாங்கிப் புண்பட்டுக் கிடக்கிறான் ஒரு மறவன். அவனைக் காக்க வருமாறு பெண்ணொருத்தி தன் தோழியை அழைக்கிறாள். இரவந்தழையும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன. யாழும் பல இயங்களும் ஒலிக்கின்றன. மை பூசப்படுகிறது. ஐயவி சிதறப்படுகிறது. ஆம்பல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சி பாடப்படுகிறது, மனை முழுவதும் நறும்புகை பரவுகிறது.

இப்பாடலில் ஆளப்பெறும் வினை காத்தல் என்பதே; தீர்த்தல் அன்று, ஆற்றுதலும் அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் துறைகளை உரைக்குமிடத்தும், புண்பட்டவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி விலக்குவதைத் தொடாக்காஞ்சி என்றே பெயரிடுகிறது. தொடாமை என்பது எல்லை வகுக்கும் சொல். ஒலி இங்கே புண்ணுக்குள் செல்வதில்லை. புண்ணைச் சுற்றி நிற்கிறது. வேப்பந்தழை கண்ணுக்குப் புலனாகும் வேலி, புகை மூக்குக்குப் புலனாகும் வேலி, காஞ்சி செவிக்குப் புலனாகும் வேலி. இம்மூன்றனுள் இசையை மட்டும் பிரித்தெடுத்து மருத்துவம் என்று பெயரிடுவதும், வேம்பைத் தனியே பிரித்துக் கிருமிநாசினி என்று விளக்குவதும் ஒரே வகையான வாசிப்பே ஆகும்.

மருத்துவம் வேறொன்றாக அக்காலத்தே நிலவியது என்பதற்கும் இலக்கியமே சான்று. பதிற்றுப்பத்தில் பரணர், நெடிய வெள்ளூசியால் தைக்கப்பட்ட தழும்புடைய மார்பினரைக் காட்டுகிறார், ஊசி உள்ளே சென்று வெளிவருவதற்கு நீரில் மூழ்கி எழும் சிரற்பறவையை உவமை கூறுகிறார் (பதிற். 42). புறநானூறு 353ஆம் பாடலில் மகட்கொடை மறுக்கும் வீட்டு இளைஞர்கள், புண்ணில் வைத்த பஞ்சினை இன்னும் களையாதவர்களாக வருகின்றனர். தையலும் பஞ்சும் அறிந்த சமுதாயம் அது. தைக்கவேண்டிய இடத்தில் தைத்தனர். பாடவேண்டிய இடத்தில் பாடினர். இரண்டும் ஒன்றென அவர்கள் கருதியதாகப் பாடல்கள் கூறவில்லை.

அடுத்த வினா இன்னும் முதன்மையானது. காஞ்சிப்பாடல் யாருடைய செவிக்காகப் பாடப்பட்டது? மறவன் கேட்டான் என்றோ கேட்டு அமைதியுற்றான் என்றோ பாடல் ஓரிடத்தும் குறிக்கவில்லை. அப்பாட்டைக் கேட்டு விலகவேண்டியது பேய். நெடுங்களத்துப் பரணரின் பாடலிலும் (புறம். 291) இவ்வமைப்பே காணப்படுகிறது. வீழ்ந்து கிடக்கும் கணவனை மொய்க்க வரும் பறவைகளைத் துரத்துமாறு துடியரையும் பாடுநரையும் ஏவும் மனைவி, நரிகளைத் தான் விளரிப்பண்ணால் ஓட்டுவதாகக் கூறுகிறாள். விளரி இரங்கற்பண். அவ்விரங்கலைக் கேட்க அக்களத்தில் இருப்பது நரி மட்டுமே. இதனினும் கொடியதொரு கேட்போரைத் தமிழ்க்கவிதை படைத்திருப்பதாகத் தோன்றவில்லை.

அகநானூற்றுக் களிறும் அவ்வாறே. கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து கிடக்க, பரணில் நிற்கும் கொடிச்சி காற்றில் கூந்தலை உலர்த்தியபடி குறிஞ்சி பாடுகிறாள். தினை கவர வந்த களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தினின்றும் பெயராமல் உறங்கிவிடுகிறது. அவள் களிற்றுக்காகப் பாடவில்லை. களிறு வந்ததை அறிந்ததாகவும் குறிப்பில்லை. இசையின் பயன், அது நோக்கப்படாத செவியில் சென்று விளைகிறது. ஆறலைகள்வரைப் பற்றிய பொருநராற்றுப்படைக் குறிப்பும் யாழின் சிறப்பைக் கூறுமிடத்து வருவதேயன்றிக் கள்வரைத் திருத்தும் திட்டமாக வருவதன்று.

மருத்துவக் கொள்கையினர்க்கு உண்மையில் துணைநிற்பது மலைபடுகடாத்தின் குறிப்பு ஒன்றே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே புண் தணிதல் என்னும் பயன் வெளிப்படையாகவே சுட்டப்படுகிறது. பாடுவோர் மனைவியர், பாடப்படுவோர் கணவர். ஆயினும், அப்பாடலுக்கு இடப்பட்ட பெயர் அங்கும் ‘காப்பு’ என்பதே. மேலும், அப்பாட்டு நூலில் எவ்விடத்தில், எவரால் கேட்கப்படுவதாக அமைக்கப்பட்டுள்ளது என்பதனை நோக்க வேண்டும். மூன்றடிகளை மட்டும் பிரித்தெடுப்போர் தவறவிடுவது அதனையே.

மலையைக் கேட்டல்

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும். செங்கண்மாத்து நன்னன்சேய் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்திற்கு நவிரமலை வழியைக் கூறுகிறான். ஆற்றுப்படை நூல்கள் பொதுவாகக் கண்ணுக்கு வழிகாட்டுவன. இந்நூலில் ஏறத்தாழ அறுபது அடிகள் செவிக்கு வழிகாட்டுகின்றன. ‘கேட்குவிர்’ என்று எதிர்கால வினையில் தொடங்கி, மலையேறும் வழியில் செவியில் விழவிருக்கும் ஒலிகளைக் கூத்தன் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். அவை இருபதளவின.

வானமகளிர் ஆடும் அருவியின் ஒலி, கூட்டத்தைப் பிரிந்த யானையை வளைக்கும் ஆரவாரம், முள்ளம்பன்றி தாக்கிய கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவர்க்குக் கொடிச்சியர் பாடும் காப்புப்பாட்டு, முதற்பூப் பூத்த வேங்கையைச் சூட விரும்பிப் பெண்கள் எழுப்பும் புலிப்பூசல், குட்டி பள்ளத்தில் விழக் கண்ட மந்தியின் பூசல், தேன் அழித்தோரின் ஆர்ப்பு, குறவர் மகளிருடன் ஆடும் குரவை, பாறைகளுக்கிடையே பாயும் ஆற்றின் முழக்கம், கலப்புமொழியில் யானையைப் பழக்கும் பாகரின் ஓசை, கிளி கடியும் தட்டை, மோதும் எருமையேறுகள், கரும்பாலை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, பன்றி விரட்டும் பறை. இவ்வொலிகளும் இவற்றின் எதிரொலிகளும் திரண்டு திசையெங்கும் முழங்குவதையே புலவர் மலையாகிய யானையின் கடாமாக உருவகிக்கிறார். நூலின் பெயரும் அங்கிருந்தே பிறக்கிறது.

இப்பட்டியலில் உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலி என்னும் பகுப்பு இல்லை. பண்ணிசையும் பறையோசையும் ஒரே நிலையில் நிற்கின்றன. மந்தியின் ஓலமும் மகளிர் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன. கேட்கப்போவோரோ இசையையே தொழிலாகக் கொண்ட கூத்தர். தோளில் பல்லியப் பைகளைச் சுமந்து செல்பவர்கள். ‘உங்கள் இசையை ஓரிடத்தில் வைத்துவிட்டு மலையின் இசையைக் கேளுங்கள்’ என்று நூல் வெளிப்படையாகக் கூறவில்லைதான். ஆனால், அரசன் முன் பாடச் செல்லும் கலைஞர்க்கு, அவனுடைய நாட்டைச் செவியால் பயின்றுகொண்டு செல்லும் வழி இங்கே அமைக்கப்பட்டுள்ளது. இதனைப் பயிற்சி என்று கூறுவது மிகையாகாது.

கொடிச்சியரின் காப்புப்பாட்டு இத்திரளில் ஓர் ஒலி. அதனை நாம் கேட்பது புண்பட்டவனின் படுக்கையருகே இருந்து அன்று. வழிப்போக்கரின் செவி வழியாக, தொலைவிலிருந்து. பாடும் பெண் யார், கணவன் பிழைத்தானா என்பன கூத்தர்க்குத் தெரியா. கேட்டுக்கொண்டே கடந்துவிடுகின்றனர். அடுத்த அடியிலேயே வேங்கைப்பூப் பறிப்போரின் ஆரவாரம் வந்து அதனை மூடுகிறது. ஒரு மனையின் துயரும் அண்டைமனையின் விளையாட்டும் ஒரே காற்றில் கலந்து வருவதைத் திருத்தாமல், தெரிந்தெடுக்காமல் செவியில் ஏற்பதே இப்பகுதியின் அறம் எனத் தோன்றுகிறது. மூன்றடிகளைப் பிரித்து மருத்துவச் சான்றாக்கும்போது இழக்கப்படுவது இக்கலப்பே.

இத்தகைய கேட்டலுக்கு மேலைநாட்டு இசையுலகம் அண்மைக்காலத்தில்தான் பெயர் சூட்டியது. கனடிய இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் ஊரின் ஒலிகளையும் நிலக்காட்சியைப் போல வரைந்து காக்கவேண்டிய ஒன்றாக நோக்கினார். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவரோஸ் (1932-2016) 1970களின் தொடக்கத்தில் ஒலித்தியானங்கள் என்னும் பயிற்சிகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று, இரவில் ஓசையின்றி நடந்து பாதங்களையே செவிகளாக்கிக்கொள்ளச் சொல்கிறது. 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் இறங்கி, ஏறத்தாழ 45 நொடிகள் ஒலி எதிரொலித்து நிற்கும் அவ்விடத்தில் தம் தோழர்களுடன் இசைத்தார். மறு ஆண்டு வெளியான அவ்விசைத்தட்டுக்கு இட்ட பெயரே ‘ஆழ்ந்து கேட்டல்’ என்னும் இயக்கத்திற்கும் பெயராயிற்று. ஆழம் என்பதில் தொட்டியின் ஆழமும் கவனத்தின் ஆழமும் சிலேடையாக அமைந்தன.

பெருங்கௌசிகனார் ஒலிவரோசுக்கு முன்னோடி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவ்வாறு எழுதுவது இசை மருத்துவக் கட்டுரைகளின் வழியை மறுவாயிலால் நுழைந்து பின்பற்றுவதாகும். இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடே பயனுடையது. ஒலிவரோஸ் கேட்பவரிடத்திலிருந்து தொடங்குகிறார். கேட்பவரின் கவனத்தை விரிப்பது அவருடைய நோக்கம். மலைபடுகடாத்தில் கேட்பவர் வெறும் வழிப்போக்கர், மலைதான் முழங்குகிறது.

கேட்போர் என்னும் உறுப்பு

கேட்டலைப் பற்றிய கொள்கை தமிழில் எங்கே உள்ளது என்னும் வினாவுக்குப் பலரும் திருக்குறளின் கேள்வி அதிகாரத்தைக் காட்டுவர். அது கற்றார்வழிப் பெறும் அறிவைப் பற்றியது; ஒலியைப் பற்றியதன்று. விடை தொல்காப்பியச் செய்யுளியலில் உள்ளது. செய்யுளின் முப்பத்துநான்கு உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்றுவகையை அடுத்துக் கேட்போரையும் களனையும் ஆசிரியர் வைக்கிறார். மாத்திரையும் அசையும் சீரும் செய்யுளுக்கு எவ்வாறு உறுப்போ, அவ்வாறே கேட்போரும் உறுப்பு. கேட்பவர் செய்யுளுக்கு வெளியே அமர்ந்திருக்கும் சுவைஞர் அல்லர். செய்யுள் அவரையும் தன் உடலிற் கொண்டே பிறக்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம் முதலியனவும் சொல்லுவன போலவும் கேட்பன போலவும் அமைக்கப்படலாம் என்று அவ்வியலே இடந்தருகிறது. நரியும் பேயும் களிறும் கேட்போராக நிற்பது இவ்விலக்கணத்திற்குப் புறம்பானதன்று.

அகத்திணையில் இக்கொள்கை சிறைப்புறம் என்னும் உத்தியாக முதிர்கிறது. மறைந்து நிற்கும் தலைவன் கேட்குமாறு, ஆனால் அவனை நோக்காதவாறு தோழி கூறுவது சிறைப்புறம். பயன் நோக்கப்படாத செவியில் விளையும் என்று மேலே கண்டது இங்கே கலையாகவே ஆக்கப்பட்டுள்ளது.

இதற்குத் தலைசிறந்த இடம் கொல்லன் அழிசியின் குறுந்தொகைப் பாடல் (138). முந்தைய இரவில் குறி தவறியது. மறுநாள் இரவு தலைவன் வந்து சிறைப்புறமாக நிற்க, தோழி பேசுகிறாள். ஊரெல்லாம் உறங்கியும் நாங்கள் உறங்கவில்லை என்கிறாள். வீட்டின் அருகே, மயிலடி போன்ற இலைகளையுடைய நொச்சியின் மெல்லிய கொம்பிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிரும் ஓசையை மிகவும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள். அவ்வளவே பாடல்.

நொச்சிப்பூ மிகச் சிறியது. உதிர்வதற்கு ஓசை இருக்குமா என்று மாணவர் வினவுவதுண்டு. வகுப்பறையில் இவ்வினாவுக்கு ‘உயர்வு நவிற்சி’ என்று விடை கூறி முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் சில ஆண்டுகள் அவ்வாறே கூறினேன். அது தவறான விடை என்று இப்போது எண்ணுகிறேன். இப்பாடலில் பெரிதாக்கப்பட்டது ஓசையன்று, கேட்டலே பெரிதாகியுள்ளது. தலைவனின் காலடியோசைக்காகத் திறந்துவைத்த செவி அது. வேண்டிய ஓசை வரவில்லை. ஆகவே, அச்செவியில் வேண்டாத சிற்றோசைகள் யாவும் வந்து விழுகின்றன. ‘நனி’ என்னும் உரிச்சொல் மிகுதிப்பொருளது என்பது தொல்காப்பியம். அம்மிகுதி இங்கே கேட்டல் வினையைத் தழுவி நிற்கிறது.

‘பாடு’ என்னும் சொல்லும் நின்று நோக்கத்தக்கது. உரைகள் இவ்விடத்தில் அதற்கு ஓசை எனப் பொருள் கொள்கின்றன. படுதல் என்னும் வினையடியாக வீழ்தல் என்னும் பொருளும் உடன்வருகிறது. பூ விழுவதும் அதன் ஒலியும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. மேலே கண்ட அகநானூற்றுப் பாடலில் களிற்றின் மூடாத கண்கள் பெறுவதும் ‘பாடு’தான், அங்கே அதன் பொருள் உறக்கம். ஒரு கொடிச்சியின் பாட்டால் களிறு பாடு பெறுகிறது. ஒரு நொச்சிப்பூவின் பாட்டைக் கேட்டுத் தோழியும் தலைவியும் உறக்கம் இழக்கின்றனர். ஒலி உறங்கவைக்கும் என்பதற்கு முதற்பாடலைச் சான்றாகக் காட்டுவோர் இரண்டாவதையும் உடன் காட்டக் கடமைப்பட்டவர்கள். மாலையில் ஆயர் ஊதும் குழலும் ஆநிரையின் மணியும் பிரிந்தோரை வருத்துவதைச் சங்கப்பாடல்கள் எத்தனை முறை கூறுகின்றன என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஒலியை நன்மை பயக்கும் பொருளாக மட்டும் கொள்ளும் கொள்கை நெய்தலுக்கும் முல்லைக்கும் முன் நில்லாது.

இவ்விடத்தில் இக்காலச் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்வது முறையாகும். இசை மருத்துவம் இன்று ஆய்வுமுறைகளால் அளக்கப்படும் துறையாகியுள்ளது. அறுவைக்கு முன் நோயாளர்க்கு ஏற்படும் அச்சத்தை இசை கேட்டல் குறைக்கக்கூடும் என்று காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கண்டுள்ளது. அது மதிக்கத்தக்க முடிவு. அதற்கு அரிசில்கிழாரின் கையொப்பம் தேவையில்லை. சித்த மருத்துவராக விளங்கிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) இவ்விரு துறைகளையும் கலக்க எல்லாத் தகுதியும் பெற்றிருந்தார். எனினும், 1917இல் வெளியான கருணாமிர்த சாகரத்தில் அவர் முதன்மையாக ஆராய்ந்தது சுருதிகளின் கணக்கையே. இசையை இசையாகவே ஆராயும் அத்துணிவு நமக்கும் வேண்டும்.

ஒரு மண்டபமும் அதன் செவியும்

காப்புப்பாட்டு இந்நிலப்பகுதியில் வழக்கொழியவில்லை. கேரளத்துப் புள்ளுவர், புள்ளுவவீணையும் புள்ளுவக்குடமும் இசைத்துச் சர்ப்பக்காவுகளில் பாடுவதோடு, குழந்தைகளுக்கு நாவோறு பாட்டும் பாடுகின்றனர். குழந்தையின் பெயரையும் நாளையும் கேட்டறிந்து, பிறர் நாவால் நேர்ந்த தீங்கு நீங்கப் பாடுவது அது. குமரி மாவட்டத்தார்க்கு ‘நாவூறு’ என்னும் சொல் இன்றும் பழக்கமானது. மடியில் இருக்கும் குழந்தை பாட்டைக் கேட்கிறதா, உறங்குகிறதா என்பதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. தொடாக்காஞ்சியின் அமைப்பு இதுவே என்று கருத இடமுண்டு.

ஆழ்ந்து கேட்டல் ஒரு கலைமரபாக நிலைபெற்ற இடம் திருவனந்தபுரத்தில் வேறொன்று உண்டு. கிழக்குக்கோட்டையில் குதிரைமாளிகையை ஒட்டியுள்ள நவராத்திரி மண்டபம் அது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். கம்பர் வழிபட்ட சரசுவதி என்று மரபு கூறும் திருமேனியின் முன்னிலையில் ஒன்பது மாலைகள் இசையரங்கு நிகழ்கிறது. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்த பின்னரும், மாநில எல்லையைக் கடந்து இப்பயணம் தொடர்கிறது. சுவாதித்திருநாள் இயற்றிய நவராத்திரிக் கிருதிகள் நாளுக்கொன்றாக வகுக்கப்பட்டுள்ளன. முதல்நாள் சங்கராபரணம், ஐந்தாம்நாள் பைரவி, ஆறாம்நாள் பந்துவராளி, ஒன்பதாம்நாள் ஆரபி. தேவாரப்பண் பயின்றோர் இவற்றுள் முதல் மூன்றனையும் முறையே பழம்பஞ்சுரம், கௌசிகம், நட்டராகம் என இனங்காண்பர்.

இம்மண்டபத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. பாடுவது தேவிக்கு, கூடியிருப்போர் அவ்வழிபாட்டை உடனிருந்து கேட்பவர்கள். கச்சேரி மேடையில் பாடகர்க்கும் அவையினர்க்கும் இடையே நிகழும் கொடுக்கல்வாங்கல் இங்கே துண்டிக்கப்படுகிறது. தனியாவர்த்தனம் முடிந்தவுடன் வேறு அவைகளில் எழும் பேரொலி இங்கே எழுவதில்லை; அவ்விடைவெளியில் அடுத்த பாட்டின் சுருதி மட்டும் நிற்கிறது. பாராட்டும் பொறுப்பினின்று விடுபட்ட செவி வேறுவகையில் கேட்கிறது என்பது அங்குச் சென்று அமர்ந்தோர் அறிவது. தொல்காப்பியர் கொள்கையால் நோக்கின், கேட்போர் தேவி. அவையோர் சிறைப்புறத்து நிற்போர்.

ஆனால், இவ்வமைதியைப் போற்றுவதோடு நின்றுவிடுவது திறனாய்வாகாது. ஒரு கேட்டல்மரபை மதிப்பிடுவதற்கு அது எத்துணை ஆழமாகக் கேட்டது என்பது மட்டும் போதாது. யாருடைய குரலைக் கேட்க மறுத்தது என்பதும் வேண்டும். இக்கட்டுரையில் இதுவரை எடுத்துக்காட்டப்பட்ட பாடல்களில் பாடியவர்களை எண்ணிப்பார்க்கலாம். காஞ்சி பாடியவர் மகளிர். விளரி பாடியவள் மனைவி. குறிஞ்சியும் புண்தணிக்கும் காப்பும் பாடியவர் கொடிச்சியர். நொச்சியைக் கேட்டவளும் பெண்ணே. பெண்தெய்வத்தின் முன் நிகழும் நவராத்திரி மண்டப இசையிலோ, பெண் ஒருவர் அமர்ந்து பாட 2006 வரை இடமில்லாதிருந்தது. செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலாகப் பெருங்கலைஞர்கள் பாடிய அவ்விடத்தின் புகழோடு இதுவும் சேர்த்தே எழுதப்படவேண்டும். இங்குள்ள இசை வரலாறுகளில் இச்செய்தி ‘வழக்கம்’ என்னும் ஒரு சொல்லால் கடந்து செல்லப்படுவதைக் காண்கிறோம்.

அவ்வழக்கத்தை மாற்றியவர் பாறசாலை பி. பொன்னம்மாள் (1924-2021). திருவனந்தபுரம் சுவாதித்திருநாள் இசைக்கல்லூரியின் முதல் மாணவி, பின்னர் அங்கேயே ஆசிரியர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராக அமர்ந்த முதற்பெண். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். சுவாதித்திருநாளின் பாடல்களைத் தலைமுறைகளுக்குக் கற்பித்தவர். அவரிடமும் அவருடன் ஒத்தாரிடமும் பயின்ற ஆண்கள் அங்கே பாட இயலும். அவர் பாட இயலாது என்பதே அந்நிலை. 2006 நவராத்திரியில் அவர் அங்கே பாட அமர்ந்தபோது அகவை 81. கைதட்டலுக்கு இடமில்லாத மண்டபம் அது. அந்த விதி அன்றைய பாடலுக்கும் உரியதாயிற்று.

புறநானூற்றில் வெள்ளைமாளரின் பாடல் ஒன்றுண்டு (296). வேம்பு ஒடிப்போர், காஞ்சி பாடுவோர், நெய் தோய்ந்த கையால் ஐயவி புகைப்போர் என எல்லா மனைகளும் கல்லென்று ஒலிக்கின்றன. போரினின்று மீண்டோர் அம்மனைகளில் கிடக்கின்றனர். ஒருவனுடைய தேர் மட்டும் இன்னும் வரவில்லை. இசை மருத்துவக் கட்டுரைகள் காஞ்சி பாடப்படும் மனைகளை எண்ணிக் கணக்கிடுகின்றன. பாடலின் செவியோ தேரொலி கேட்காத அந்த ஒரு மனையின் வாயிலில் இருக்கிறது.